முதல் மான் ரைஃபிள்: 800 டாலருக்குள் எப்படி வாங்குவது

"மான் வேட்டைக்கு எந்த ரைஃபிள் வாங்கலாம்?" இந்தக் கேள்வியைக் கேட்கிற நம்மவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்ப் பக்கம் ஐடி வேலைக்கு வந்து, வீடு வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர் வருஷா வருஷம் கொடுக்கிற மான்கறியில் சுக்கா செய்து சாப்பிட்டு, அப்புறம் நாமே போனால் என்ன என்று யோசிக்கிறவர்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

சுருக்கமாக என் பதில்: ரைஃபிளுக்குக் கையிலிருக்கும் பணத்தில் ஏறக்குறைய பாதிக்கு மேல் போடாதீர்கள், தோளில் பலமாக உதைத்து உங்களை மிரள வைக்காத தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள், மிச்சப் பணத்தில் நல்ல ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) நிறையத் தோட்டாவும் வாங்கிச் சுட்டுப் பழகுங்கள்.

முதலில் சட்டம். ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பதுதான் ஃபெடரல் சட்டத்தின் பொது விதி. அதற்கு ஒரு விலக்கு உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் வாங்கலாம். க்ரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை கிடையாது. கடையில் 4473 என்று ஒரு படிவம் கொடுப்பார்கள், அதில் குடியுரிமை, விசா எல்லாம் கேட்டிருக்கும், ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படித்து உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், தெரிந்தே பொய் எழுதினால் அது ஃபெடரல் குற்றம். இன்னொன்று, "நண்பர் க்ரீன் கார்டு வைத்திருக்கிறார், அவர் பேரில் வாங்கி நான் வைத்துக்கொள்கிறேன்" என்ற பேச்சே வேண்டாம். அடுத்தவருக்காகத் தன் பேரில் வாங்கிக் கொடுப்பதும் குற்றம்தான், மாட்டினால் விசாவோடு போகாது. நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற மாநிலங்களில் இதற்கு மேல் தனி அடையாள அட்டையும் வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் குடிவரவு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். பென்சில்வேனியாவில் முதல் முறை லைசென்ஸ் எடுப்பவர்கள் ஹன்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்திருக்க வேண்டும், அதை முடித்த கையோடு லைசென்ஸையும் எடுத்துவிடுங்கள்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வளர்ந்த நமக்கு மான் வேட்டை என்றாலே கைது, கோர்ட் என்றுதான் மனதில் பதிந்திருக்கும். இங்கே நிலைமை வேறு. 19-ஆம் நூற்றாண்டில் கட்டுப்பாடில்லாமல் சுட்டுத் தள்ளியதிலும் காட்டை மொட்டையடித்ததிலும் பென்சில்வேனியாவில் வெள்ளைவால் மான் அழிகிற நிலைக்கே வந்து, 1906-லிருந்து வெளிமாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. இப்போது ஓநாயும் இல்லை, மலைச்சிங்கமும் இல்லை, மான் பெருகிக் காட்டில் முளைக்கிற கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடுகிறது. அதனால் எத்தனை மான் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு அனுமதி கொடுக்கிறார்கள். காட்டு மானின் கறியை விற்கக் கூடாது, சாப்பிடலாம், கொடுக்கலாம். 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி நீங்கள் வாங்கும் ரைஃபிளிலும் தோட்டாவிலும் 11 சதவீத வரி இருக்கிறது, அது வனவிலங்குப் பராமரிப்புக்கே போகிறது. எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் உண்மையான மரியாதை உண்டு.

சரி, தோட்டாவுக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் காரியம், பெரிய தோட்டாவைத் தேடுவது. நண்பர் ஒருவருக்குக் கடையில் .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளைத் தலையில் கட்டிவிட்டார்கள். எல்க் என்ற பெரிய மான் வகையைச் சுடுகிற தோட்டா அது, இங்கே காட்டில் 80 கஜத்தில் நிற்கிற மானுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் அவர் சுட்டதெல்லாம் அட்டையில் ஆளுக்கொரு பக்கம் போயிற்று. ரைஃபிள் சரியில்லை என்றார். நான் அவர் பார்க்காதபோது மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத டம்மித் தோட்டா ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தேன். டம்மி வந்தபோது "டிக்" என்ற சத்தம் மட்டும்தான், ஆனால் குழலின் முனை ஒரு விரற்கடை கீழே குனிந்தது, அவருடைய கண் இறுக மூடியிருந்தது, தோள் முன்னால் தள்ளியது. வரப்போகிற உதைக்கு உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதைப் போக்குவதற்கே தனியாக மாதக்கணக்கில் பாடுபட வேண்டும், நடுவில் ஒரு மானை வயிற்றில் சுட்டு அது தப்பித்துப் போய் இரவெல்லாம் கஷ்டப்பட்டுச் சாகும். உதையைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு அதுதான் காரணம்.

அதனால் தோட்டா அளவுகளில் என் வரிசை இது. ஒல்லியான உடம்பு, இதற்கு முன் சுட்டதே இல்லை என்றால் .243 வின்செஸ்டர், உதை 30-06 என்ற பெரிய அளவு கொடுப்பதில் ஏறக்குறைய பாதிதான், தோட்டா சிறியது என்பதால் இடம் பார்த்துச் சுட வேண்டும். நடுத்தரமாக 7எம்எம்-08 அல்லது 6.5 கிரீட்மோர். கொஞ்சம் பழகிய தோள் என்றால் .308 வின்செஸ்டர். 1952-லிருந்து இருக்கிறது, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், வகையும் அதிகம். 2020, 2021-ல் தோட்டாப் பஞ்சம் வந்தபோது அபூர்வ அளவு ரைஃபிள் வைத்திருந்தவர்கள் சுட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், ஆகவே பெயர் கேள்விப்படாத எதையும் முதல் ரைஃபிளாக வாங்காதீர்கள். ஓஹையோவில் இருப்பவர்கள் மட்டும் இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அங்கே மானுக்குக் கழுத்து ஒடுங்காத நேர்க்கூடு தோட்டா ரைஃபிள்தான் செல்லும், .350 லெஜண்ட் அந்த ஊர்களுக்காகவே 2019-ல் வந்தது, உதையும் மெல்லிசு. பென்சில்வேனியாவிலும் பிலடெல்பியா, பிட்ஸ்பர்க்கைச் சுற்றிய கவுண்டிகளுக்குத் தனி விதி உண்டு. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளையும் மானுக்கு இங்கே அனுமதிப்பதில்லை. எந்த மாநிலமோ அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இப்போது ரைஃபிள். போல்ட் ஆக்‌ஷன் வாங்குங்கள், கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுவது. எளிமை, விலை குறைவு, உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். விலை குறைந்த வரிசையில் சேவேஜ் ஆக்சிஸ், ருகர் அமெரிக்கன், மாஸ்பெர்க் பேட்ரியட் மூன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஆக்சிஸ் 400 டாலரை ஒட்டிக் கிடைக்கும், போல்ட்டைத் தூக்கக் கொஞ்சம் கடினமாக இருக்கும், தோளில் வைக்கும் பிளாஸ்டிக் கட்டை பார்க்க அழகில்லை, ஆனால் குறி தப்பாது. அதிலேயே அக்யூட்ரிகர் வைத்த வகையை எடுங்கள், ட்ரிகரின் கனத்தை நீங்களே கூட்டிக் குறைக்கலாம், அந்தச் சிறிய கூடுதல் விலைக்கு அது தகும். ருகர் அமெரிக்கன் 2012-ல் வந்தது, போல்ட்டை 70 டிகிரி தூக்கினால் போதும், அதனால் ஸ்கோப்பில் கை இடிக்காது, ட்ரிகரும் அதே போல் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாம் தலைமுறை வந்த பிறகு பழைய மாடல் கடைகளில் கண்ணில் பட்டால் பேரம் பேசிப் பாருங்கள். என் கையில் ஒன்றைக் கொடுத்து இதைத்தான் எடுக்க வேண்டும் என்றால் ருகரைத்தான் எடுப்பேன். 100 கஜத்தில் மூன்று தோட்டாவை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் போடுவது இந்த விலை ரைஃபிள்களுக்கு இன்று சாதாரணம். 1,500 டாலர் ரைஃபிள் வாங்கினால் கிடைப்பது நல்ல மரமும் வழுக்கிக்கொண்டு ஓடும் போல்ட்டும்தான், மானுக்கு வித்தியாசம் தெரியாது.

மாடலைவிட அளவு முக்கியம். இதைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. இந்த ரைஃபிள்களின் கட்டை, பின்முனையிலிருந்து ட்ரிகர் வரை, பெரும்பாலும் 13.5 அங்குலத்துக்கு மேல் இருக்கும், ஆறடி அமெரிக்கரை மனதில் வைத்துச் செய்த அளவு. நம்மில் ஐந்தடி நான்கு அங்குலம், ஐந்து அங்குலம் இருப்பவர்கள் நிறையப் பேர், மேலே டிசம்பர் குளிருக்குப் போட்ட தடித்த ஜாக்கெட் வேறு ஓர் அங்குலத்தை விழுங்கும். கட்டை நீளமாக இருந்தால் கழுத்தை நீட்டி ஸ்கோப்பை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், அது குறியையும் கெடுக்கும், உதையையும் கூட்டும். கடைக்குப் போகும்போது வேட்டை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். ரைஃபிள் காலியா என்று நீங்களே போல்ட்டைத் திறந்து பார்த்துவிட்டு, யாரும் இல்லாத பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு இயல்பாகத் தோளில் ஏற்றுங்கள், கன்னத்தைக் கட்டையில் பதித்த பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டமும் கறுப்பு நிழல் இல்லாமல் தெரிந்தால் அளவு சரி. தலையை முன்னும் பின்னும் நகர்த்தித் தேட வேண்டியிருந்தால் காம்பாக்ட் மாடல் கேளுங்கள், ருகரில் அது 12.5 அங்குலம். பின்னால் வளையங்கள் சேர்த்து நீளத்தைக் கூட்டிக்கொள்ளும் வகை பேட்ரியட்டில் உண்டு, வீட்டில் மனைவியும் பிள்ளையும் அதையே சுடலாம்.

பழைய ரைஃபிளும் நல்ல வழிதான். சேவேஜ் 110, மார்லின் 336, ரெமிங்டன் 700 எல்லாம் பழைய சாமான் வரிசையில் நிற்கும். மார்லின் 30-30, ட்ரிகரைச் சுற்றிய பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள், அடர்ந்த காட்டில் 150 கஜத்துக்குள் அருமை. குழலுக்குள் டார்ச் அடித்துத் துரு, குழி இருக்கிறதா பாருங்கள், கட்டையில் போல்ட்டுக்குப் பின்னால் விரிசல் இருக்கிறதா பாருங்கள், ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தால் யாரோ வீட்டில் வைத்துக் குடைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ரெமிங்டன் 700-இல் மட்டும் ஓர் எச்சரிக்கை: 2006 மேயிலிருந்து 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர்களை, தானாகச் சுட்டுவிடலாம் என்று நிறுவனமே 2014-ல் திரும்பக் கூப்பிட்டது. அந்த ட்ரிகர் சரிசெய்யப்பட்டதா என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

ஸ்கோப்போடு சேர்த்து விற்கிற பேக்கேஜ் மலிவு, ஆனால் அதில் வருகிற ஸ்கோப்தான் முதலில் கைவிடும். மான் வருவது விடியற்காலையும் பொழுது சாய்கிற நேரமும், மலிவு லென்ஸில் அந்த வெளிச்சத்தில் பழுப்பு மானும் பழுப்புச் சருகும் ஒன்றாகிவிடும். 3-9×40 அளவு போதும், அதாவது மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2 மாதிரி ஒன்று 200 டாலருக்குள் கிடைக்கும், கொஞ்சம் கூடப் போடலாம் என்றால் லியூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம். ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து வைக்கும் பேஸ், ரிங்குக்கு ஒரு 40, 50 டாலர். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள், ஸ்க்ரூவை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். நல்ல ரைஃபிளைக் குறை சொல்கிற பாதிப் பேருக்கு உண்மையான வியாதி தளர்ந்த ரிங்தான்.

ஆக ரைஃபிள் 420, ஸ்கோப் 180, ரிங் 45. எண்ணூறில் மீதி இருப்பதில் பெரும்பகுதி தோட்டாவுக்கு, கொஞ்சம் காது மூடிக்கும் கண்ணாடிக்கும். காது மூடி இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள், போன செவி திரும்பி வராது. .308-இல் 150 கிரெய்ன் எடையுள்ள, முனை விரிகிற சாஃப்ட் பாயின்ட், 20 தோட்டாப் பெட்டி 25 முதல் 35 டாலர். ரெமிங்டன் கோர்-லாக்ட், ஃபெடரல் பவர்-ஷாக், வின்செஸ்டர் பவர்-பாயின்ட் மூன்றில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள், ஒரே ரைஃபிள் ஒன்றை நெருக்கமாகப் போடும், இன்னொன்றைச் சிதறடிக்கும். எதை நெருக்கமாகப் போடுகிறதோ அதையே மொத்தமாக வாங்கி வைத்துவிடுங்கள். ஃபுல் மெட்டல் ஜாக்கெட் தோட்டா மலிவு என்று மானுக்கு எடுத்துப் போகாதீர்கள், விரியாமல் துளைத்துக்கொண்டு போய்விடும், இங்கே சட்டப்படியும் கூடாது.

முதலில் 25 கஜத்தில் அட்டை வைத்துச் சுட்டு நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் 100 கஜத்துக்குப் போங்கள். பெரும்பாலான ஸ்கோப்பில், குறியைத் திருத்தும் திருகை ஒரு கிளிக் திருப்பினால் 100 கஜத்தில் கால் அங்குலம், நான்கு கிளிக் ஓர் அங்குலம். மூன்று தோட்டா சுட்டு அவற்றின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள், ஒவ்வொன்றுக்கும் திருகினால் முடிவே இராது. .308-ஐ 100 கஜத்தில் சரியாக வைத்தால் 200-ல் மூன்று நான்கு அங்குலம் கீழே விழும், நம் காட்டில் அதற்கு மேல் பார்வையே போகாது.

அது முடிந்ததும் மேசையை விட்டு எழுந்துவிடுங்கள், காட்டில் மேசை கிடையாது. எட்டு அங்குலப் பேப்பர் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மானின் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஏறக்குறைய அந்த அளவுதான். 50 கஜத்தில் உட்கார்ந்தபடி, முட்டி போட்டபடி, மரத்தில் சாய்ந்தபடி அதைச் சுடுங்கள், எல்லாத் தோட்டாவும் தட்டுக்குள் விழுந்தால் 75-க்குப் போங்கள், அப்புறம் 100. எந்த தூரத்தில் ஒன்று வெளியே போகிறதோ அதற்கு முந்தைய தூரம்தான் இந்த வருஷம் உங்கள் எல்லை, அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்போடு நின்றாலும் சுடக் கூடாது. பென்சில்வேனியாவில் வேட்டையைக் கவனிக்கிற அரசு அமைப்பான கேம் கமிஷனின் ரேஞ்சுகளை வேட்டை லைசென்ஸ் காட்டிப் பயன்படுத்தலாம், சீசனுக்கு முந்தைய வாரங்களில் நிரம்பி வழியும், ஆகஸ்டில் வார நாள் காலையில் போனால் பெஞ்ச் காலியாக இருக்கும்.