ஹ்வாரில் மீன் கேட்காதீர்கள்: குரோஷியக் கரையோரம் பாய்மரப் படகில்

ஹ்வார் தீவுக் கதையை முதலில் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. குரோஷியாவில் நல்ல மீனுக்கு மெனுவில் போட்டிருக்கும் விலை தட்டுக்கு இல்லை, கிலோவுக்கு. அது தெரிந்துதான் எடை எவ்வளவு என்று கேட்டேன். "சின்ன மீன்தான் மேடம்" என்று சிரித்தார் சர்வர். பில்லில் அந்தச் சின்ன மீன் ஒன்றேகால் கிலோ! நம்ம காசுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது, ரொட்டிக்குத் தனிக் காசு வேறு. என் வீட்டுக்காரர் போனில் கணக்குப் போட ஆரம்பித்ததும் பிடுங்கி வைத்துவிட்டேன்.

ஊர் அழகுதான், மறுக்கவில்லை. வெனிஸ்காரர்கள் போர்ப்படகு பழுதுபார்த்த பெரிய கிடங்கு, அதன் மேல்மாடியில் 1612-இல் திறந்த நாடக அரங்கு. ஆனால் விடிய விடிய பார்ட்டிப் படகுகளின் டமடம சத்தத்தில் யார் தூங்குவது? அதே தீவின் இன்னொரு பக்கம் ஸ்டாரி கிராட் இருக்கிறது, அங்கே போங்கள். பாரோஸ் தீவுக் கிரேக்கர்கள் கிமு 384-இல் குடியேறிய துறைமுகம். அவர்கள் கல்சுவர் வைத்துப் பிரித்த வயல்களில் இன்னும் திராட்சையும் ஆலிவும் விளைகின்றன. வாடகை சைக்கிளில் அந்த வயல்களுக்கு நடுவே சுற்றியது மொத்தப் பயணத்திலேயே குறைந்த செலவு, நிறைந்த சந்தோஷம்.

சரி, செலவு. படகு வாடகை சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை. நீங்களே ஓட்ட வேண்டுமென்றால் படகோட்டும் லைசென்ஸும் ரேடியோ சான்றிதழும் கேட்பார்கள். எங்களிடம் இரண்டும் கிடையாது, அதனால் படகை ஓட்ட ஒரு ஸ்கிப்பர். அவருக்கு நாளுக்கு இருநூறு யூரோவை ஒட்டி, சாப்பாடும் நம் கணக்கு. இரண்டே பேருக்கு இது கட்டுப்படியாகவே ஆகாது, ஆறு பேராகச் சேர்ந்து போங்கள்.

ஆனாலும் விஸ் தீவுக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். யூகோஸ்லாவிய ராணுவத் தளம் என்பதால் 1989 வரை வெளிநாட்டவரை உள்ளேயே விடவில்லை, அதனால் கரையை மறைக்கும் பெரிய ஹோட்டல்கள் வரவில்லை, கோமிஜா இன்னும் மீனவர் ஊராகவே இருக்கிறது. அங்கே பேக்கரியில் நெத்திலி மாதிரியான மீனும் வெங்காயமும் தக்காளியும் உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி கிடைக்கும், இரண்டு வாங்கினால் மதியச் சாப்பாடு முடிந்தது. ராத்திரிக்கு 'பெகா'. ஆக்டோபஸையும் உருளைக்கிழங்கையும் இரும்பு மூடி போட்டு மூடி, மேலே தணல் அள்ளிக் கொட்டி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள், காலையிலேயே சொல்லிவைத்தால்தான் உண்டு. சாப்பிட வருகிறோம் என்றதும் அந்தக் கடைக்காரர் படகு கட்டும் மிதவைக்குக் காசே வாங்கவில்லை. அப்படி வெந்த ஆக்டோபஸ், பல்லே தேவையில்லை! நான் இன்னும் யூரோவை ரூபாயாக்கிக்கொண்டிருந்தேன். "கணக்குப் போடாம சாப்பிடும்மா" என்றார் இவர், அவர் தட்டு காலி.

மறுநாள் அவ்வளவும் கடலுக்கே போனது. கோடை மதியங்களில் 'மேஸ்ட்ரால்' வடமேற்கிலிருந்து வீசும், அடுத்த தீவான கோர்ச்சுலாவுக்குப் போகிறவர்களை அது பின்னாலிருந்து தள்ளிவிடும். எங்கள் அதிர்ஷ்டம், தென்கிழக்கிலிருந்து 'யூகோ' அடித்தது. காற்று நேர் எதிரே, பாயைச் சுருட்டிவிட்டு இன்ஜினில்தான் போனோம், அலைக்கு அலை படகு எழும்பி விழ, இவர் ஓரக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்.

கோர்ச்சுலா பழைய ஊரின் தெருக்கள் மீன்முள் மாதிரி பிரிகின்றன. மேற்குப் பக்கத் தெருக்கள் மேஸ்ட்ரால் உள்ளே வர நேராக, கிழக்குப் பக்கம் குளிர்கால 'பூரா' காற்று நுழையாமலிருக்க வளைவாக. இதைப் பார்க்க டிக்கெட் கிடையாது. டிக்கெட் போடுவது மார்க்கோ போலோ பிறந்த வீட்டுக்கு, அவர் அங்கேதான் பிறந்தார் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லாமலேயே. நாங்கள் உள்ளே போகவில்லை. அதே மார்க்கோ போலோ பாண்டியர் துறைமுகமான காயலில் அரேபியக் குதிரைகள் வந்திறங்கியதை எழுதியவர். என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. திருச்செந்தூர் போகும்போதெல்லாம் பழையகாயலைப் பஸ்ஸில் கடக்கிறோம், ஒருநாளும் இறங்கியதில்லை.

படகைத் திருப்பிக் கொடுக்க ஸ்ப்ளிட் துறைமுகத்துக்குத் திரும்பும்போது ஒன்று. வெள்ளி மாலை டீசல் பங்க்கில் படகுகளின் வரிசை பயங்கரமாக இருக்கும், சீக்கிரம் போய்விடுங்கள். அப்புறம், படகைக் கையில் வாங்கும்போதே ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுங்கள். பழைய கீறல் ஒன்றைக் காட்டி டெபாசிட்டில் கைவைக்கப் பார்த்தார்கள். போட்டோவை நீட்டியதும் முழுப் பணமும் வந்தது.