முப்பது வரை எண்ணக் கற்றது

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுபவரின் மகனாக வளர்ந்த எனக்கு, ஷீட் உலர்த்தும் புகைப்புரை தீப்பிடிப்பதும், மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வருவதும் சிறு வயதிலேயே பழகிய காட்சிகள். பத்தாம் வகுப்பு முடிக்கும்போதே தீயணைப்பாளர் ஆவதென்று தீர்மானித்துவிட்டேன். ஆனால் அதற்கென்று எங்கள் மேல்நிலைப் பள்ளியில் பாடப்பிரிவு ஏதும் இல்லாததால், உயிரியல் பிரிவில் சேர்ந்து, நாட்டு நலப்பணித் திட்டத்தில் பெயர் கொடுத்தேன்.

பதினொன்றாம் வகுப்பில் நடந்த ஏழு நாள் சிறப்பு முகாமில் ஒரு நாள் முழுவதும் தீயணைப்பு வீரர்களுக்கும் 108 ஊழியர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. காலையில், கொதித்து எரியும் எண்ணெய்ச் சட்டியில், நீண்ட கழியில் கட்டிய குவளையால் தண்ணீர் ஊற்றிக் காட்டினார்கள். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகிப் பலநூறு மடங்கு விரிந்து எண்ணெயைத் தூக்கி எறிய, தீ ஆளுயரத்துக்கு மேல் எழுந்தது. பிறகு நனைத்த சாக்கைத் தன் பக்கத்திலிருந்து அப்பால் தள்ளியபடி மூடியதும், இவ்வளவுதானா என்று கேட்கும்படி அடங்கிவிட்டது.

மதியம் பொம்மையின் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் பயிற்சி. மார்பின் நடுவில், முழங்கை மடங்காமல், குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்த வேண்டும். முப்பது அழுத்தத்துக்குப் பின் இரண்டு முறை மூச்சு ஊத வேண்டும். கணக்குப்படி முப்பதும் 15 முதல் 18 நொடிக்குள் முடிய வேண்டும். எனக்கு 25 நொடி ஆயிற்று. கை வலிதான் காரணம் என்று நினைத்தேன். கடிகாரம் பிடித்திருந்த 108 அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மக்களே, கை சரியாத்தான் போகுது, வாய்தான் பிந்துது. பத்து வரைக்கும் மூணு தடவை எண்ணு." உண்மையில், இருபதைத் தாண்டியதும் ‘இருபத்தேழு’, ‘இருபத்தெட்டு’ என்று ஒவ்வொரு சொல்லும் நீள, அதை முடிக்கும்வரை என் கை காத்துக்கொண்டிருந்தது. பத்து பத்தாக எண்ணியபோது 17 நொடியில் முடித்தேன். இன்றுவரை அப்படித்தான் எண்ணுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில், ஏப்ரல் 14-இல் தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் மீண்டும் ஒரு செயல்முறை விளக்கம் நடந்தது. 1944-இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலில் தீயணைக்கப் போய் இறந்தவர்களின் நினைவாகவே அந்நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று நான் ஹோஸ் இணைப்பைச் சரியாகப் பூட்டாமல் விட்டு, மொத்த வரிசையையும் நனைத்தேன்.

பதினெட்டு முடிந்ததும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வை எழுதித் தேறினேன். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடவும், கயிறு ஏறவும் ஓராண்டாகப் பழகியிருந்தேன். உடற்கூறு அளத்தலில் பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்டோர் ஆண்களுக்கு வேண்டிய உயரம் 170 செ.மீ.; எனக்கு 168.5 இருந்தது. ஓட்டம் அதற்குப் பிறகுதான் என்பதால் ஓடவே இல்லை. பள்ளி மருத்துவப் பதிவில் 170 என்று எழுதியிருந்ததை நம்பியிருந்தேன். பள்ளியில் ஷூவோடு அளந்தார்கள் என்பது பின்னர்தான் நினைவுக்கு வந்தது. இந்தப் பணியை விரும்பும் தம்பிமார், ஓடிப் பழகுவதற்கு முன் வெறுங்காலுடன் சுவரோரம் நின்று ஒருமுறை அளந்து பார்த்துவிடலாம்.

இப்போது நாகர்கோவிலில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பட்டம் கிடைத்ததும் 108 ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போவதாக இருக்கிறேன். அங்கே உயரம் கேட்பது ஓட்டுநருக்குத்தான்; மருத்துவ உதவியாளருக்கு இல்லை.