ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள்

2024இல் வந்த எக்ஸ்ட்ரீம் மெட்டலில் (ஹெவி மெட்டல் இசையின் மிகக் கடுமையான வகைகள்) முதலில் கேட்க வேண்டியது பிளட் இன்கேன்டேஷன் குழுவின் 'அப்சலூட் எல்ஸ்வேர்' ஆல்பம்தான். டென்வர்காரர்கள், பெர்லின் ஹன்சா ஸ்டுடியோவில் பதிவு செய்தது, மொத்தமே இரண்டு பாட்டு, ஒவ்வொன்றும் 20 நிமிடத்தைத் தாண்டும். டெத் மெட்டல் உறுமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று எல்லாம் அடங்கி எழுபதுகளின் சிந்தசைசர் மிதந்து வரும், டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் எலக்ட்ரானிக் இசைக் குழுவின் தோர்ஸ்டன் குவெஷ்னிங்கே வந்து வாசித்திருக்கிறார்.

அப்புறம் நியூசிலாந்தின் அல்சரேட் குழு, ஆல்பம் 'கட்டிங் த த்ரோட் ஆஃப் காட்'. மூன்றே பேர், டிரம்ஸைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். எனக்கு நான்காவது தடவைதான் பிடிபட்டது (வீட்டில் மிக்ஸி ஓடுகிறதா என்று கேட்டார்கள்).

பச்சையான பிளாக் மெட்டல் (கீச்சிடும் குரலும் வேகமான கிட்டாருமான வகை) வேண்டுமா, மாண்ட்ரியலின் ஸ்பெக்ட்ரல் வூண்ட் குழு. ஸ்லட்ஜ் (மெதுவான, கனமான மெட்டல்) பிடிக்குமென்றால் தௌ குழுவின் 'அம்பிலிக்கல்', ஆனால் காலையில் வேண்டாம்.