குடியும் மனச்சோர்வும் சேர்ந்தே இருந்தால்: எங்கே போவது, என்ன கேட்பது

குடி ஒரு பக்கம், மனச்சோர்வோ பதற்றமோ இன்னொரு பக்கம் என்று இருப்பவரை அழைத்துக்கொண்டு போனால் பல இடங்களில் ஒரே அனுபவம்தான் கிடைக்கும். மனநலப் பிரிவில் “முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்பார்கள். போதை மீட்பு மையத்திலோ “மனசுக்கு வேறு டாக்டரைப் பாருங்கள்” என்பார்கள். இப்படி அலைகிற நாட்களில்தான் ஆள் கைநழுவிப் போகிறார். அதனால் நேரில் போவதற்கு முன்பே போனில் மூன்று கேள்விகள் கேட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பீர்களா? குடியை நிறுத்தும்போது வரும் உடல் தொந்தரவுக்கு மருந்து தர மருத்துவர் உண்டா? இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? மூன்றாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால், தினமும் அதிகமாகக் குடிப்பவரை அங்கே சேர்க்காதீர்கள்.

கையோடு ஒரு தாள் கொண்டுபோங்கள். அதில் முந்தைய வாரக் கணக்கை நேர வாரியாக எழுதுங்கள்: “காலை 6 மணி, 90 மில்லி, கை நடுக்கம் அடங்க.” இந்த ஒரு வரி மருத்துவருக்கு நிறையச் சொல்லிவிடும். காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால் உடல் மதுவைச் சார்ந்துவிட்டது என்று அர்த்தம். என்ன மது, எத்தனை சதவீதம் என்பதையும் எழுதுங்கள். 40 சதவீத மது 180 மில்லியில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 57 கிராம் இருக்கிறது. அளவைப் பாதியாகக் குறைத்துச் சொல்வது எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்தக் கணக்கை வைத்து மருந்தளவு முடிவானால், அது போதாமல் வலிப்பு வரலாம்.

கடைசியாகக் குடித்த நேரம், விழுங்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், சர்க்கரை, கல்லீரல் கோளாறுகள், முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிரமையோ வந்ததா என்பதும் தாளில் இருக்கட்டும். பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு: இதுவரை அதிக நாள் குடிக்காமல் இருந்தது எப்போது, அப்போது மனநிலை எப்படி இருந்தது? மாதக்கணக்கில் குடிக்காமல் இருந்தும் சோர்வு போகவில்லை என்றால், அந்தச் சோர்வு தனி நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ என்ற 10 கேள்வித் தாளையும் பெரும்பாலும் தருவார்கள். மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய குடி. 20-ஐத் தொட்டால் சார்பு நிலையா என்று முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும்.

அடுத்தது நிறுத்தும் கட்டம். “இன்றோடு சரி” என்று வீட்டில் சபதம் போட்டு ஒரேயடியாக நிறுத்துவதைத் தைரியம் என்று பாராட்டுகிறோம். நாள்பட்டு அதிகம் குடிப்பவருக்கு அது உயிராபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததைப் பார்த்துப் பிதற்றும் டெலிரியம் 48 முதல் 96 மணி நேரத்தில் வரும். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிந்தார் என்று வீட்டுக்குக் கூட்டிவந்து, மூன்றாம் நாள் இரவு அவசரப் பிரிவுக்கு ஓடுவது இதனால்தான்.

இந்த நாட்களில் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசபாம், லோராசபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின், அதாவது பி1 வைட்டமின். குடிப்பவரின் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது என்பதால் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஊசியாகப் போடுவார்கள். களைப்பாக இருக்கிறார் என்று தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடுவது, கண் பார்வை இரட்டிப்பது, குழம்பிப் பேசுவது அதற்கான அறிகுறிகள். “தயமின் போட்டாச்சா?” என்று துணைக்கு இருப்பவர் கேட்பதில் தப்பே இல்லை.

தூக்க மாத்திரைப் பழக்கத்தையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். வாரக்கணக்கில் குறைக்க வேண்டும். ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சில வாரம் நிறுத்தியதும் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவை எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். மையத்திலிருந்து வெளியே வந்த முதல் வாரங்கள் மிக மோசமானவை. ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் மருந்தான நலோக்சோன் கிடைக்கும் இடமானால் வீட்டில் வாங்கி வைத்து, போடும் விதத்தையும் கற்றுக்கொள்ளுங்கள்.

நிறுத்திய பிறகு மனநிலையை மறுபடி மதிப்பிட வேண்டும். குடியால் வந்த சோர்வு பலருக்கு 2 முதல் 4 வாரங்களில் தானாகக் குறையும். அதனால் சில மருத்துவர்கள் மனச்சோர்வு மருந்தைத் தள்ளிப்போடுவார்கள். அது அலட்சியம் அல்ல. ஆனால் தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்பது, தூக்கமே இல்லாத அதீத உற்சாகம் இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்கக் கூடாது, அன்றே சொல்ல வேண்டும். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மாத்திரைகளை மொத்தமாக வாங்காமல் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி, வீட்டில் வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும். மனச்சோர்வு மருந்து வேலை செய்யப் பல வாரம் ஆகும். பத்தாம் நாளே “பிரயோஜனமில்லை” என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

குடியின் மீதான நாட்டத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் இருக்கின்றன. ஓபியாய்டு எடுப்பவருக்கு முன்னது ஆகாது. சிறுநீரகம் மிகவும் கெட்டவருக்குப் பின்னது ஆகாது. டைசல்ஃபிராம் என்பது குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு வரவைக்கும் மாத்திரை. அதை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் குடும்பங்கள் உண்டு. பாசத்தில் செய்தாலும் அது கொலைக்குச் சமமான ஆபத்து. மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரைகூட அதன் விளைவு இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தும் அதைத் தூண்டும்.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் தொடங்கியது; அதன் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. குடும்பத்தாருக்கு அல்-அனான் தனியாக உண்டு. மனநல மாத்திரையும் ஒரு போதைதான் என்று அங்கே யாராவது சொன்னால் அது அவருடைய சொந்தக் கருத்து, மருந்தை நிறுத்தாதீர்கள். ஒரு குழு ஒத்துவராவிட்டால் வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள்.

மறுபடி குடித்துவிட்டால் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே கூப்பிட்டு எப்போது, எவ்வளவு என்று சொல்லுங்கள். டைசல்ஃபிராமை மருத்துவர் சொல்லாமல் தொடராதீர்கள். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மனநல மருந்தையும் தானாக நிறுத்தவோ இரட்டிப்பாகப் போடவோ கூடாது. தொடர்ந்து சில நாள் குடித்திருந்தால் நடுக்கம், வலிப்புக் கணக்கு திரும்பவும் முதல் மணியிலிருந்து ஓடும், ஆகவே தாளில் புதிய பக்கம் தொடங்குங்கள்.