முதலில் மரை, பிறகு பெயாரிங்

எண்பதுகளின் தொடக்கத்தில் எமது கல்லூரிப் பட்டறையில் மோட்டார் இயந்திரவியல் பயின்றவர்களுக்குக் காலபோக உழவுக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, முந்திய மாதங்களே உண்மையான பாடகாலமாக அமைந்தன. கிளிநொச்சிப் பக்கத்து வயல்களில் ஓடித் தேய்ந்த மாசி பெர்கசன் 35, 135 உழவு இயந்திரங்கள் அப்போது எங்களிடம் வந்து சேரும். அவற்றில் இருந்தது இங்கிலாந்தின் பீற்றர்பரோ நகரத்துப் பெர்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். 91.4 மில்லிமீற்றர் சிலிண்டர் துளையும் 127 மில்லிமீற்றர் பிஸ்டன் வீச்சும், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைத் தாங்கும் நான்கு மெயின் பெயாரிங்குகளும் கொண்ட அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதில்தான் எங்கள் தலைமுறை தொழில் பழகியது.

தண்டுக்கும் பெயாரிங்குக்கும் இடையிலான இடைவெளியை அளப்பதற்கு முன்னர் போல்ட்டுகளின் மரையை, அதாவது திருகுப் பற்களை, பார்க்க வேண்டும் என்பது எங்கள் பட்டறை ஆசிரியரின் மாறாத ஒழுங்கு. மைக்ரோமீற்றரைத் தொடும் ஆவலோடு நின்ற எங்களுக்கு அது வீண் தாமதமாகவே பட்டது. "தம்பி, மரை பொய் சொன்னால் பெயாரிங்கும் பொய் சொல்லும்" என்பார். அதன் பொருள் எங்களுக்குப் பிடிபடச் சில காலம் எடுத்தது. முறுக்கை அளந்து இறுக்கும் சாவியான டோர்க் ரெஞ்ச் காட்டுவது போல்ட்டைத் திருப்பும் விசையையே. பெயாரிங்கை மூடிப் பிடிக்கும் கேப்பை அந்த போல்ட் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதை அன்று. கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு தலையடியிலும் மரையிலும் உராய்விலேயே செலவாகிவிடும். மரையில் துருவோ பழைய அழுக்கோ இருந்தால், ரெஞ்ச் உரிய அளவைக் காட்டும்போதும் கேப் முழுமையாக அமர்ந்திராது. அளக்கப்படும் இடைவெளி உண்மையிலும் கூடுதலாகத் தெரியும். அதை நம்பி நல்ல கிராங்க் தண்டைக் கடைசலுக்கு அனுப்பிய பட்டறைகள் அக்காலத்தில் இல்லாமல் இல்லை.

ஆகவே ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, அதற்குரிய துளையில் விரலால் மட்டும் அடிவரை முறுக்கிப் பார்ப்போம். இடையில் எங்கேனும் பிடித்தால் சாவியை எடுக்க அனுமதி இல்லை. பற்களோடு பொருத்திப் பார்க்கும் தகடான மரை அளவியை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இழுபட்ட போல்ட்டில் பற்களுக்கிடையே ஒளிக்கீற்று தெரியும்; அத்தகைய போல்ட் நேரே கழிவுப் பெட்டிக்குப் போகும். எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு தேவையும் இருந்தது. தோட்டங்களில் நீர் இறைத்த பழைய பிரித்தானிய எஞ்சின்களில் விற்வேர்த் எனும் பழைய பிரித்தானிய மரை. உழவு இயந்திரத்தில் 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒப்புக்கொண்ட யூனிபைட் மரை. அரை அங்குல போல்ட்டுக்கு முன்னதில் அங்குலத்துக்கு 12 பற்கள், பின்னதில் பரும்படி மரையாயின் 13, நுண்மரையாயின் 20. பட்டறைத் தகரப் பேணியில் எல்லாம் கலந்தே கிடக்கும். 12க்கும் 13க்கும் இடையிலான வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. முதல் இரண்டு மூன்று சுற்றுகள் சுகமாகவே போகும், அதற்கு மேல் வலிந்து முறுக்கினால் எஞ்சின் உடலான புளொக்கின் மரை போய்விடும்.

அடிமூடிய துளைகளில் எண்ணெய் தேங்கக் கூடாது என்பதையும் அவர் வலியுறுத்துவார். எண்ணெய் நசுங்காது, போல்ட் இறங்கும்போது வெளியேற வழியில்லாவிட்டால் வார்ப்பிரும்பு வெடிக்கும்.

இவ்வளவும் முடிந்த பின்னரே அளவெடுப்பு. தண்டில் பெயாரிங்குக்குள் சுழலும் பகுதிகளான ஊசிகளின் விட்டத்தை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும், இரு ஓரங்களிலும் அளப்போம்; முன்னது முட்டை வடிவத்தையும் பின்னது ஒருபக்கத் தேய்வையும் காட்டும். தண்டின் விட்டம் ஒரு அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஓர் அங்குல இடைவெளி என்பது கைக்கணக்கு. இரண்டே முக்கால் அங்குல மெயின் ஊசிக்கு அது ஆயிரத்தில் மூன்றை நெருங்கும். இறுதித் தீர்ப்பு எப்போதும் கையேட்டுக்கே உரியது. இடைவெளி குறைந்தால் எண்ணெய்ப் படலத்துக்கு இடமில்லாமல் உலோகம் இழுபடும். கூடினால் எண்ணெய் ஓரங்களால் வழிந்தோடி அழுத்தம் வீழும். கடைசலுக்குப் போகும் தண்டுக்கு ஆயிரத்தில் 10, 20, 30 அங்குலம் என உள்விட்டம் சிறுத்த பெயாரிங்குகள் கிடைத்தன.

இடைவெளியை அளக்கும் பிளாஸ்டிகேஜ் இழை எங்களுக்கு அரிதாகவே கிடைத்தது. மெழுகு போன்ற அந்த இழையில் பச்சை நிறத்தது ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று அங்குலம் வரை அளக்கும். துடைத்து உலர்த்திய ஊசியின் மீது வைத்து, கேப்பை உரிய முறுக்கில் இறுக்கிக் கழற்றினால், இழை எவ்வளவு அகலமாகப் பரந்ததோ அவ்வளவு இடைவெளி குறைவு. இடையில் தண்டைச் சுழற்றினால் அளவு கெடும். மெயின் பெயாரிங்குகளை அளக்கையில் எஞ்சினைத் தலைகீழாக நிறுத்துவோம். நேராக நின்றால் தண்டின் எடை கேப்பில் இறங்கி இழையைத் தேவைக்கு மேல் நசுக்கிவிடும். இழை இல்லாத நாட்களில், தெரிந்த தடிப்புள்ள பித்தளைத் தகட்டுத் துண்டை எண்ணெய் பூசி வைத்து இறுக்குவோம். தண்டு பிடித்துக்கொண்டால் இடைவெளி தகட்டிலும் குறைவு, இலகுவாகச் சுழன்றால் அதிகம். எண்ணாகச் சொல்லாவிட்டாலும் அம்முறை எங்களைக் கைவிட்டதில்லை என்பதே என் மதிப்பீடு.

கேப்புகளின் இலக்கங்களை இடம் மாற்றாமல் பூட்டுவதும், போல்ட் தளராதிருக்க மடித்த பூட்டு வளையங்களை மறுபடி பயன்படுத்தாமல் புதியன இடுவதும் கடைசி வேலைகள். அளந்த எண்கள் எல்லாம் ஊசி வாரியாக ஆசிரியருடைய நீண்ட பதிவேட்டில் ஏறும். அடுத்த போகத்துக்குப் பின் அதே இயந்திரம் திரும்பி வந்தால், எந்த ஊசி எவ்வளவு தேய்ந்தது என்பதைப் பழைய பக்கத்தை விரித்தே கணக்கிடுவோம்.