ஊரை முதலில் எழுதுங்கள்

பௌத்தத் தடயங்களைக் கணினியில் ஏற்றுவதுதான் என் வேலை. பாலி மொழி நூல்கள், செப்பேடுகள், சிலைகள் என்று எல்லாம் வரும். கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைச் செய்வதால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது: காவிரிக்கரையின் பொருள்கள் பட்டியலில் வேறு ஊர்ப் பெயரோடு நிற்கின்றன.

ராஜராஜன் காலத்தில் சுமத்திராவின் ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாய் தானமாகப் போனது. அதைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் ஆகிவிட்டன. 1856 முதல் நாகப்பட்டினத்தில் கிடைத்த சுமார் 350 புத்தச் செப்புத்திருமேனிகளில் பலவற்றைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். உறையூரில் பிறந்த பௌத்தத் துறவி புத்ததத்தர், இன்று பூம்புகார் எனப்படும் காவிரிப்பட்டினத்து விகாரத்தில் தங்கி 'அபிதம்மாவதாரம்' என்ற பாலி நூலை எழுதினார். நூலின் முடிவில் அவரே அந்த நகரின் அழகைப் பாடியிருக்கிறார். அதையும் பாலி இலக்கியம் என்ற தலைப்பில் போட்டுவிட்டால் பூம்புகார்க்காரருக்கு அது எப்படித் தெரியும்?

அதனால் எங்கள் தரவுத்தளத்தில் முதலில் நிரப்ப வேண்டிய கட்டம் ஊர்தான். அருங்காட்சியகத்தின் பெயரும் அங்குள்ள பதிவெண்ணும் அப்புறம். நாகப்பட்டினம் என்று தேடினால் விகாரம், செப்பேடு, திருமேனி எல்லாம் ஒரே பக்கத்தில் வரவேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன்.

சிலைகளுக்கு முப்பரிமாணப் படம் எடுக்கிறோம். ஒன்றின் மேல் ஒன்று படியும்படி சுற்றிச் சுற்றிப் படமெடுத்தால் மென்பொருள் அவற்றைக் கோத்து உருவமாக்கும். திருவாரூர்ப் பக்கம் ஒரு வயலோரப் புத்தர். தலையுச்சியில் தீச்சுடர் வடிவம், மடியில் இடக்கை மேல் வலக்கை. உச்சிவெயிலில் முகம் தட்டையாகத் தெரியும். சாயங்காலம் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோதுதான் சீவரத்தின், அதாவது துறவியாடையின், மடிப்பு தோளில் ஓடுவது தெளிவானது. டேப்பை எடுத்ததும் நாற்று பறித்துக்கொண்டிருந்த அம்மா கரையேறி வந்துவிட்டார்.

"சாமியக் கும்பிட்டுட்டு அப்புறம் அளங்க தம்பி. வெள்ளிக்கிழமைன்னா நான்தான் வெளக்கேத்துறேன்."

முழங்காலில் எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துப் பளபளத்தது. அதைத் துடைத்துவிட்டுப் படமெடுக்கலாம் என்றார் உடன் வந்தவர். வேண்டாம் என்றேன். அந்தப் பிசுக்கும் சிலையின் வரலாறுதான். நூற்றாண்டைக் குறிக்கிற நாம், இன்று யார் கும்பிடுகிறார்கள் என்பதை ஏன் விட்டுவிட வேண்டும்?

வழிபாட்டுக்கென்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டோம்: விளக்கேற்றுபவர் உண்டா, எந்தக் கிழமை, ஊரார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். களத்துக்குப் போகும் மாணவர்கள் டேப்பை எடுக்கும் முன் இதைக் கேட்டு எழுதிவிட வேண்டும்.