சீனக் கை, வெறுங்கை

சனிக்கிழமை பின்னேரங்களில் மகளைக் கொக்குவிலில் நடக்கும் கராத்தே வகுப்புக்குக் கூட்டிச் செல்வது என் பொறுப்பு. சீமெந்துத் தரையில் பிள்ளைகள் வெறுங்காலுடன் வரிசையாக நின்று, 'இச்சி, நி, சன், சி' என்று எண்ணியபடி ஒரே தாளத்தில் குத்துவதை வாசற்படியில் இருந்து பார்ப்பேன். போன கிழமை அருகில் இருந்த ஒரு தகப்பன், "அண்ணை, இது எங்கட காஞ்சிபுரத்திலயிருந்து போன கலைதானே?" என்று கேட்டார். ஓம் என்றிருந்தால் இருவருக்கும் மகிழ்ச்சி; எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.

காஞ்சிபுரத்திலிருந்து சீனா போய்ச் சண்டைக்கலை கற்பித்தவர் என்று சொல்லப்படுபவர் போதிதர்மர் என்ற பௌத்தத் துறவி. அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்ற குறிப்பு பழைய சீன நூலொன்றில் உண்டு. ஆனால் 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட இன்னொரு நூல் அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. இரண்டிலும் சண்டைப் பயிற்சி பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் சீனாவின் ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்கு உடற்பயிற்சி கற்பித்தார் என்ற கதைக்கு வேராக இருப்பது, அவர் மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 17ஆம் நூற்றாண்டில், அவர் பெயரை ஏற்றி எழுதப்பட்ட ஒரு பயிற்சி நூல்.

கராத்தேயின் பிறப்பிடம் இன்று ஜப்பானின் தெற்கில் உள்ள ஒகினாவாத் தீவு. அது ரியூக்கியூ என்ற தனி இராச்சியமாகச் சீனாவுடன் வணிகம் செய்த காலத்தில், சூரி, நாஹா, தோமாரி ஆகிய ஊர்களில் உள்ளூர்க் கைச்சண்டையும் சீனத்திலிருந்து வந்த முறைகளும் கலந்தன. ஆயுதம் பறிக்கப்பட்ட குடியானவர்கள் சாமுராய்களை எதிர்க்க உருவாக்கியது என்று சொல்வதும் அழகான கதைதான்; நாம் பெயரறிந்த பழைய ஆசான்களில் பலர் அரச சேவையில் இருந்த குடும்பத்தினர்.

1879இல் ஜப்பான் அந்த இராச்சியத்தைத் தன் மாகாணமாக்கியது. அதுவரை வீட்டு முற்றத்தில் ஓரிரு மாணவருக்கு மட்டும் மறைவாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட கலையை, 1901ஆம் ஆண்டளவில் இத்தோசு அங்கோ என்ற முதியவர் பாடசாலைக்குள் கொண்டுவந்தார். சிறுவர்கள் கூட்டமாகப் பழகுவதற்கென்று 'பினான்' என்ற பெயரில் ஐந்து கத்தாக்களை, அதாவது வரிசைப்படுத்திய அசைவுத் தொகுப்புகளை, ஒழுங்குசெய்தார். கொக்குவிலில் நான் பார்க்கும் வரிசையும் எண்ணிக்கையும் இப்படிப் பள்ளிக்கூடம் புகுந்த கராத்தேயின் வழிவந்தவையே தவிர, எந்தத் துறவி மடத்தினுடையவையும் அல்ல.

இத்தோசுவின் மாணவர் ஃபுனகோசி கிச்சின் 1922இல் டோக்கியோவில் செய்துகாட்டியபின் கலை தலைநகரில் வேரூன்றியது. வெள்ளை உடுப்பும் நிறப் பட்டிகளும் ஜூடோவிலிருந்து பெற்றவை. கராத்தேயில் 'தே' என்றால் கை; முன்னர் 'கரா' என்பதைச் சீனத்தைக் குறிக்கும் எழுத்தால் எழுதினார்கள். சீனாவுடன் பகை முற்றிய காலத்தில் அந்தப் பெயர் உறுத்தியது. ஒலி மாறாமல், 'வெறுமை' என்று பொருள்படும் எழுத்தை 1936இல் நாஹாவில் கூடிய ஆசான்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஃபுனகோசி பினான் என்ற பெயரையும் 'ஹெயான்' என்று ஜப்பானிய உச்சரிப்புக்கு மாற்றியிருந்தார்; ஐந்தில் முதலாவது 'ஹெயான் சோதான்'. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினரும், ஜப்பானிலிருந்து புறப்பட்ட ஆசிரியர்களும் அதை உலகெங்கும் கொண்டுபோனார்கள்.

அந்தத் தகப்பனுக்குச் சொல்லிக்கொண்டே நான் 1936க்கு வந்து சேர்வதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. மகள் பட்டியை அவிழ்த்துச் சுருட்டியபடி ஓடிவந்து, "அப்பா, இண்டைக்கு ஹெயான் சோதான் முழுக்கப் பழகிட்டன்" என்றாள்.